கொண்டுகூட்டு: அனிமே காட்சியும் பழைய ராக் பாட்டும்

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஜிம் கபோஸ்தாஸ் என்ற 21 வயது ரசிகர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை ஒயரால் இணைத்தார். ஒன்றில் ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற அனிமேஷன் தொடர் ஓடியது. அதிலிருந்து மிகக் கொடூரமான சண்டைக் காட்சிகளாகப் பொறுக்கி, இன்னொன்றில் இருந்த கேசட்டில் வரிசையாகப் பதிந்தார். அவற்றோடு சேர்த்த பாட்டு, பீட்டில்ஸ் குழுவின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’. கண்ணுக்குப் போர், காதுக்கு அன்பு. பார்ப்பவர்களைச் சிரிக்கவைப்பதுதான் அவர் நோக்கம். ஜப்பானிய அனிமேஷனுக்கு அனிமே என்று பெயர். இன்று ‘அனிமே மியூசிக் வீடியோ’, சுருக்கமாக ஏஎம்வி, என்று அழைக்கப்படும் வடிவத்தின் முதல் படைப்பு இதுதான் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கேசட்டில் சந்தித்த இரண்டும் எங்கிருந்து வந்தவை? ‘ஸ்டார் பிளேசர்ஸ்’, 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக டப் செய்யப்பட்ட ஜப்பானியத் தொடர். ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’ என்ற பெயரில் 1974இல் ஜப்பானில் வெளிவந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த யமாத்தோ என்ற போர்க்கப்பல், எதிர்காலத்தில் விண்கலமாக உயிர்பெற்று, கதிர்வீச்சால் செத்துக்கொண்டிருக்கும் பூமியைக் காப்பாற்றப் புறப்படும் கதை அது. பாட்டின் பிறப்பு வேறு. 1967 ஜூன் 25 அன்று பல நாடுகளைச் செயற்கைக்கோள் வழியாக ஒரே நேரத்தில் இணைத்த ‘அவர் வேர்ல்டு’ நேரலை நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் அதைப் பாடினார்கள். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. தோற்ற நாடு ஒன்றின் போர் நினைவும், போரை வெறுத்த ஒரு தலைமுறையின் பாட்டும் ஓர் இளைஞரின் அறையில் ஒரே நாடாவில் வந்து சேர்ந்தன.

தமிழ் உரை மரபில் கொண்டுகூட்டு என்று ஒரு பொருள்கோள் உண்டு. செய்யுளில் எங்கெங்கோ கிடக்கும் சொற்களைப் பொருள் பொருந்தும் இடத்துக்குக் கொண்டுவந்து கூட்டுவது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அதுவும் ஒன்று. ஏஎம்வி செய்பவரின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர் ஒரே செய்யுளுக்குள் கூட்டுகிறார். இவர் ஒன்றையொன்று அறியாத இரண்டு நூல்களைக் கூட்டுகிறார். கூட்டும்போது இரண்டையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும். ஏஎம்வியை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இந்தப் படிப்பைத்தான். பழைய ராக் பாட்டோடு செய்யப்படும் ஏஎம்விகளில் அது மிகத் துலக்கமாகத் தெரியும் என்பது என் வாதம்.

ஐந்து நிமிடக் கெடு

இன்று கணினியில் ஒரு துண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். ரெக்கார்டர் காலத்தில் எடிட்டிங் ஒருவழிப் பாதை. முதல் காட்சியைப் பதிந்த பிறகுதான் இரண்டாவது. பத்தாவது காட்சி அரை விநாடி நீண்டுவிட்டது என்று முப்பதாவது காட்சியில் தெரிந்தால், பத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கருவியும் எளிதில் ஒத்துழைக்காது. பதிவுப் பொத்தானை அழுத்தியதும் நாடா உடனே ஓடத் தொடங்குவதில்லை. சற்றுப் பின்னோக்கிச் சுழன்று, வேகம் பிடித்த பிறகே பதியும். அந்தத் தாமதம் கருவிக்குக் கருவி மாறும். தன் கருவி எவ்வளவு தாமதிக்கும் என்பதை ஒவ்வொருவரும் பழகிப் பழகி விரல்நுனியில் வைத்திருந்தார்கள். பதிவை நிறுத்திப் ‘பாஸ்’ பொத்தானில் வைத்தால், நாடா தேயாமல் இருக்கப் பல ரெக்கார்டர்கள் ஐந்து நிமிடத்துக்குள் தாமாகவே அணைந்துவிடும். அப்படி அணைந்தால் ஒட்டும் இடத்தில் வண்ணக் கோடுகள் சிதறும். அந்தக் கெடுவுக்குள் அடுத்த காட்சி எந்தக் கேசட்டில், எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப்பிடித்தாக வேண்டும். தொடரை மனப்பாடமாக அறிந்தவரால் மட்டுமே முடிகிற வேலை இது.

பிரதிக்குப் பிரதி படமும் மங்கும். முதல் நாடாவிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது வண்ணம் கசியும். மூன்றாவதில் முகத்தின் கோடுகள் நடுங்கும். ஆகவே ‘முதலில் போட்டுப் பார்ப்போம், பிறகு மாற்றலாம்’ என்ற சலுகையே கிடையாது. ஒரு காட்சியை எடுப்பதற்கு முன்பே, அது பாட்டின் எந்தச் சொல்லுக்கு, ஏன் என்று மனத்தில் தீர்ந்திருக்க வேண்டும். வசதியின்மைதான் இந்தக் கலைக்கு முதல் ஆசிரியர்.

இதே பாடத்தை வேறொரு கூட்டம் இன்னும் முன்பே படித்திருந்தது. 1975இல் கேண்டி ஃபாங் என்ற ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகை, அந்தத் தொடரின் ஸ்லைடுகளை ஒரு பாட்டுக்கு ஏற்ப மாற்றி மாற்றிக் காட்டினார். அதிலிருந்து கிளைத்த மரபுக்கு ‘விடிங்’ என்று பெயர். அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிரான்செஸ்கா கோப்பா என்ற ஆய்வாளர் அந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அனிமே ரசிகர்களின் மரபு பெரும்பாலும் இதைத் தொடாமல் தனியாக வளர்ந்தது. தனித்தனியே வளர்ந்த இரண்டு கூட்டங்களும் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், ஆழமாக நேசிக்கும் கதையை அறுத்துப் பாட்டோடு வைத்துப் பார்க்கும் ஆசை ஏதோ ஒரு குழுவின் விசித்திரப் பழக்கம் ஆகாது. அது வாசகர்க்கு இயல்பான ஆசை.

மூச்சு விடும் தாளம்

பழைய ராக் பாட்டு ஏன் எடிட்டருக்குக் கடினம், ஏன் அது அவரைச் செதுக்குகிறது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

நிமிடத்துக்கு 120 அடிகள் விழும் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு அரை விநாடி. திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஆக ஓர் அடிக்குச் சரியாக 12 ஃப்ரேம். கணினி தாளத்தில் செய்த நடனப் பாட்டாக இருந்தால், 12 ஃப்ரேமுக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். கடைசி வரை பொருந்தும். 1960களிலும் 1970களிலும் ராக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டபடி வாசித்தவை. டிரம் வாசிப்பவர் மனிதர். பல்லவி நெருங்கும்போது கை சற்று முந்தும். தனி வாசிப்பு முடியும்போது தளரும். லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எட்டு நிமிடம் ஓடும். மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேண்டுமென்றே வேகம் கூடும். இத்தகைய பாட்டுக்குப் போட்ட கோடு இரண்டாம் நிமிடத்துக்குள் பொய்த்துவிடும். எடிட்டர் ஒவ்வோர் அடியையும் காதால் கேட்டுக் கையால் குறித்தாக வேண்டும்.

தாளக்கட்டும் எப்போதும் நேராக இருக்காது. கபோஸ்தாஸ் எடுத்த பீட்டில்ஸ் பாட்டையே பாருங்கள். பல்லவி நான்கு நான்காகப் போகும். சரணமோ பெரும்பாலும் ஏழு எண்ணிக்கை. மிசிர சாப்பில் தகிட தகதிமி என்று 3+4 ஆக வரும் ஏழு, இங்கே 4+3 ஆக வருகிறது. கேட்பவர்க்கு அது உறுத்துவதில்லை. பாட்டு சற்று அவசரப்பட்டு அடுத்த வரிக்குத் தாவுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். படம் வெட்டுகிறவரோ நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போனால் இரண்டாவது வரியிலேயே வழுக்கி விழுவார். பாட்டை ஆயிரம் முறை கேட்டவர்கூட, அதற்குப் படம் வெட்ட உட்காரும்போதுதான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிறார்.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. சொல்லே இல்லாத கிடார் தனி வாசிப்பு. வரி இருக்கும் இடத்தில் ‘மழை’ என்றதும் மழையைக் காட்டித் தப்பிக்கலாம். சொல்லுக்குச் சொல் படம் காட்டுவது தொடக்கநிலை எடிட்டரின் பழக்கம். சொல் நின்று கிடார் மட்டும் ஒரு நிமிடம் பேசும்போது, எடிட்டருக்குக் கதையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது அம்பலமாகிவிடும். நல்ல ஏஎம்விகளில் உச்சம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

அதில் கைத்திறனின் நுட்பமும் தெரியும். அடி விழும்போது காட்சியை மாற்றுவது வெளி ஒத்திசைவு. காட்சியை மாற்றாமல், காட்சிக்குள் நடக்கும் அசைவையே அடியில் விழச்செய்வது உள் ஒத்திசைவு. ஒரு பாத்திரம் கதவை அறைந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு நிலையைத் தொடும் ஃப்ரேமும் டிரம் அடியும் ஒன்றாக விழ வேண்டும். அதற்குக் காட்சியின் தொடக்கத்தை முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டு ஃப்ரேம் பிந்தினாலே கதவு பாட்டுக்குப் பின்னால் ஓடிவருவதுபோல் இருக்கும். சரியாக விழுந்துவிட்டால், அந்த அடி அந்தக் கதவிலிருந்தே எழுந்தது என்று காது நம்பிவிடும்.

அசையாத முகமும் அசையும் வாயும்

இவ்வளவு நெகிழ்வாக வெட்டி ஒட்ட அனிமே இடம் கொடுப்பதற்கு, அது உருவான பொருளாதாரமே காரணம். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசூக்காவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு பகுதி, குறைந்த பணம், சிறிய குழு. விநாடிக்கு 24 படம் வரைவது நடக்காத காரியம். ஒரே படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினார்கள். அசையாத படத்தின்மேல் கேமராவை நகர்த்தினார்கள். உடம்பை அப்படியே விட்டு வாயை மட்டும் அசைத்தார்கள். வரைந்த காட்சிகளைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். பிற்பாடு இந்தச் சிக்கனமே ஓர் அழகியலாக முதிர்ந்தது.

எடிட்டருக்கு இது வரம். அசையாமல் நிற்கும் முகத்தில் எந்த உணர்ச்சியையும் பாட்டு எழுதிவிடலாம். கூந்தல் மட்டும் காற்றில் ஆடும் ஒரு பெண்ணின் படம், மூலக்கதையில் கோபமாக இருந்திருக்கலாம். தணிந்த குரலில் வரும் ஒரு வரியின் கீழ் வைத்தால் அதுவே ஏக்கமாகிறது.

சாபமும் அங்கேயே இருக்கிறது. உணர்ச்சி மிகுந்த நெருக்கக் காட்சிகளில் பாத்திரம் பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கும். ஒலியை நீக்கிப் பாட்டைப் போட்டதும், குரலற்ற வாய் திறந்து திறந்து மூடுவது அசட்டுத்தனமாகத் தெரியும். பார்ப்பவர் பாட்டிலிருந்து வெளியே வந்துவிடுவார். ரெக்கார்டர் காலத்தில் அப்படிப்பட்ட காட்சியை விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை. கணினி வந்தபின், வாய் மூடியிருக்கும் ஃப்ரேமிலிருந்து உதட்டை வெட்டி எடுத்து, பேசும் ஃப்ரேம்கள் எல்லாவற்றின்மேலும் ஒட்டி மௌனமாக்கினார்கள். நான்கு விநாடிக் காட்சிக்கு 96 ஃப்ரேம். கன்னத்தின் நிறம் இம்மியும் மாறக்கூடாது. தலை சற்றுத் திரும்பினால் ஒட்டிய உதடும் கூடவே திரும்ப வேண்டும். பார்ப்பவர் இந்த உழைப்பைக் கவனிக்கவே மாட்டார். கவனிக்காமல் இருப்பதுதான் வெற்றி. திறந்த வாய், பாதி வாய், மூடிய வாய் என்று சில வடிவங்களே அனிமேயில் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை வேறு வரிசையில் அடுக்கிப் பாத்திரத்தையே பாடவைத்தவர்களும் உண்டு.

ஒசாகாவில் ஒரு மறுகரை

கபோஸ்தாஸின் கேசட்டுக்கு அடுத்த ஆண்டு, பசிபிக் கடலின் மறுகரையில் இதே ஆசை வேறு வடிவில் வெளிப்பட்டது. 1983 ஆகஸ்டில் ஒசாகாவில் நடந்த ஜப்பானிய அறிவியல் புனைகதை மாநாட்டின் பெயர் ‘டைகான் 4’. அதன் தொடக்க விழாவுக்காக, தொழிலில் இன்னும் காலூன்றாத இளம் ரசிகர்கள் ஒரு குறும்படம் வரைந்தார்கள். முயல் காது அணிந்த பெண் ஒரு வாளின்மேல் ஏறிப் பறக்கிறாள். உலகத்தின் அறிவியல் புனைகதை நாயகர்களும் அரக்கர்களும் திரையில் நெரிகிறார்கள். பெரும் வெடிப்பு ஒன்றில் நகரம் சிதற, செர்ரி மலர் இதழ்கள் வெள்ளமாய்ப் பரவிப் புது உலகம் பிறக்கிறது. பின்னணியில் எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற இங்கிலாந்து ராக் குழு 1981இல் வெளியிட்ட ‘ட்வைலைட்’. அமெரிக்க ரசிகரிடம் ரெக்கார்டர் இருந்தது, அவர் வெட்டினார். இவர்கள் கையில் தூரிகை இருந்தது, வரைந்தார்கள். படங்களைப் பாட்டின் வேகத்துக்கும் எழுச்சிக்கும் கட்டுப்படுத்திய விதத்தில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பாட்டுக்கு அவர்கள் அனுமதி வாங்கவில்லை. அதனால் முறையான வணிக வெளியீட்டுக்கு வழி அடைபட்டது. படம் கைமாறிக் கைமாறிப் புகழ் பெற்றது. 2005இல் ‘டென்ஷா ஒத்தோக்கோ’ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர், டைகான் படத்தை நினைவூட்டும் அனிமேஷனுக்கு அதே ‘ட்வைலைட்’ பாட்டையே தொடக்கப் பாட்டாக வைத்தது. ரசிகர்கள் செய்த கொண்டுகூட்டு, 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதிகாரபூர்வத் திரைக்கு வந்துவிட்டது.

டைகான் குழுவினர் பிறகு கைனாக்ஸ் என்ற ஸ்டுடியோவாக உருவெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஹிதேயாகி அன்னோ 1995இல் ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்செலியன்’ தொடரை இயக்கினார். அதன் 24ஆம் பகுதியில், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலிக்க, ஓர் அசையாப் படம் ஏறத்தாழ ஒரு நிமிடம் திரையில் நிற்கிறது. ஏஎம்வி எடிட்டர்கள் திரும்பத் திரும்பத் தேடிப் போன தொடர்களில் எவாஞ்செலியன் முன்வரிசையில் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. ராக் பாட்டுக்குப் படம் வரைந்து தொழில் கற்றவர் செய்த தொடர் அது.

அனுமதியின் கதவு

சட்டம் இந்த வடிவத்தை எங்கே வைப்பது என்று இன்னும் தடுமாறுகிறது. ஒரு பாட்டைப் படத்தோடு சேர்க்க இரண்டு உரிமைகள் தேவை: இயற்றிய பாட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. காட்சிக்கு உரிமை தனி. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை நான்கு அளவுகோல்களால் எடைபோடச் சொல்கிறது: பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு. ஏஎம்வி நோக்கத்தில் தேறிவிடலாம். அளவில் தடுக்கி விழலாம், ஏனெனில் பாட்டு பெரும்பாலும் முழுதாக ஒலிக்கிறது.

அனிமே நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்தன. அழுத்தம் இசைத் தரப்பிலிருந்து வந்தது. 2000இல் தொடங்கி ரசிகர்களின் படைப்புகளைத் திரட்டிவைத்த ஒரு காப்பகத்திடம், தங்கள் குழுக்களின் பாட்டுகள் உள்ள வீடியோக்களை நீக்கும்படி 2005 இறுதியில் வைண்ட்-அப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் கேட்டது. ஆயிரக்கணக்கான வீடியோக்கள் நீக்கப்பட்டன. இன்னொரு பக்கம், 2010 ஜூலையில் அமெரிக்க அரசு, வணிக நோக்கமில்லாத வீடியோக்களில் விமர்சனத்துக்காகச் சிறு பகுதிகளைப் பயன்படுத்துவோர் டிவிடி பூட்டை உடைப்பதற்கு விலக்கு அளித்தது. ரசிகர் கலைக்காக 2007இல் உருவான ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேடிவ் வொர்க்ஸ்’ அமைப்பின் வாதங்களுக்கு அதில் பங்கு உண்டு. ‘விமர்சனம்’ என்ற சொல் அந்த விலக்கில் இடம்பெற்றதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெட்டிச் சேர்ப்பதும் ஒரு கருத்துரை என்பதை அரசு ஆவணம் ஒன்று ஏற்றுக்கொண்ட தருணம் அது.

தொழிலும் இந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. 2012இல் தொடங்கிய ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்’ அனிமேயின் முதல் பருவத்து முடிவுப் பாட்டு, யெஸ் என்ற ராக் குழு 1971இல் வெளியிட்ட ‘ரவுண்டபவுட்’. அதற்கு மூலமான மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, 1987 முதல் வரைந்துவரும் ஹிரோஹிகோ அராக்கி, பாத்திரங்களுக்கு ராக் குழுக்களின் பெயர்களையே சூட்டியவர். செப்பெலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ராக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டின் தனிக் கிடார் மெல்ல நுழைகிறது. கதை இன்னும் முடியவில்லை. பாத்திரம் ஆபத்தில் நிற்கிறது. ‘தொடரும்’ என்ற அம்பு விழுந்து படம் உறைகிறது. அந்த நொடியில் பேஸ் கிடார் பாய்ந்து வருகிறது. காட்சியின் ஒலிக்கு அடியில் பாட்டை முன்கூட்டியே விதைத்து, உறைந்த படத்தில் தாளத்தை வெடிக்கவிடும் இந்த முறை, ஏஎம்வி பார்த்துப் பழகியவர்களுக்குச் சொந்த வீட்டு வாசல்போல் இருக்கும்.

காக்க வேண்டியது

முதல் தலைமுறை ஏஎம்விகள் காந்த நாடாவில் இருந்தவை. காந்தப் பூச்சு உதிர்கிறது. நாடாவை ஓட்டும் கருவிகளின் உற்பத்தி நின்றுவிட்டது. பலவற்றின் மூலம் போய், பிரதியின் பிரதி மட்டும் மிஞ்சுகிறது. ஓலைச்சுவடி தேடிய வரலாறு தெரிந்த நமக்கு இந்த நிலைமை அந்நியமானதல்ல. மூலநூல் கிடைத்தாலும் உரை அழிந்துபோனால், ஒரு காலத்தார் அந்த நூலை எப்படிப் படித்தார்கள் என்பது சேர்ந்தே அழிந்துபோகிறது. யமாத்தோ தொடர் பத்திரமாக இருக்கிறது. பீட்டில்ஸ் பாட்டும் எந்நாளும் கிடைக்கும். 1982இல் ஓர் இளைஞர் அவ்விரண்டையும் சேர்த்துப் படித்த படிப்புக்கு அந்த நாடாவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஆகவே திரைப்படக் காப்பகங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் இந்த நாடாக்களைத் தேடி வாங்கி, எண்ணியல் வடிவில் காக்க வேண்டும். உரிமைச் சிக்கல் பொதுத் திரையிடலுக்குத் தடையாக இருக்கலாம். ஆய்வாளரின் மேசைக்கு வருவதற்குத் தடையாகக் கூடாது. நாடா மெல்லச் சுழன்று, பாஸ் பொத்தானின் ஐந்து நிமிடம் தீர்வதற்குள் ஒருவர் ஆயிரம் காட்சிகளில் இந்த ஒன்றுதான் என்று தேர்ந்தெடுத்தார். ஏன் இதைத் தேர்ந்தார் என்று நாளை ஒருவர் கேட்பதற்காவது அந்த நாடா இருக்க வேண்டும்.